தலைவி கூற்று எங்கே போயிற்று?

பெண்களின் வாழ்க்கையைப் பற்றி அண்மையில் வந்து பெரிதாகப் பேசப்பட்ட நாவல்களைப் படிக்கிறவர்கள் பலர் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள். கதை ஒரு பெண்ணைப் பற்றியது. அடி அவளுக்கு, நோய் அவளுக்கு, தீ அவள் உடம்பில். ஆனால் புத்தகம் முழுக்க மற்றவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவள் என்ன நினைத்தாள் என்பது அவள் வாயால் வருவது மிக அரிது. தென் கொரியாவின் ஹான் காங்குக்கு 2024 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு அவருடைய 'தி வெஜிடேரியன்' நாவலை (தமிழில் 'மரக்கறி') முதல்முறை கையில் எடுத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகமாகவே வரும். பெண்ணைப் பற்றிய நாவல் என்றார்களே, கணவன் பேசுகிறான், அப்புறம் மைத்துனர் வருகிறார், அவள் எங்கே?

இது நியாயமான கேள்வி. இதற்கு விடை கதையில் கிடைக்காது, கதை சொல்லப்படும் முறையில்தான் கிடைக்கும். அதைப் பிரித்துப் பார்க்க மூன்று நாவல்களை எடுத்துக்கொள்கிறேன், இரண்டு கொரியாவிலிருந்து, ஒன்று நம் ஊரிலிருந்து. மூன்றின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அடிப்படை: எழுதுபவர், சொல்பவர், பார்ப்பவர்

முதலில் மூன்று பேரைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

1. எழுதுபவர். அட்டையில் பெயர் இருப்பவர்.
2. கதைசொல்லி. கதைக்குள்ளே 'நான்' என்று பேசுபவர், அல்லது முகம் காட்டாமல் படர்க்கையில் சொல்லிக்கொண்டு போகும் குரல்.
3. பார்ப்பவர். படர்க்கையில் சொன்னாலும் யாருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம் என்பது ஒன்று உண்டு. 'அவன் அறைக்குள் போனான், அவள் திரும்பிப் படுத்திருந்தாள்' என்றால் நாம் அவனோடு நுழைகிறோம், அவள் முதுகைத்தான் பார்க்கிறோம். இதைப் பார்வைக்கோணம் என்கிறோம்.

தமிழ் வாசகருக்கு இது புதிய சரக்கே இல்லை. குறுந்தொகையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டோடும் யார் பேசுகிறார் என்ற குறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, தலைவன் கூற்று. அந்த ஒற்றைக் குறிப்பு இல்லாவிட்டால் பாதிப் பாட்டுகளின் பொருளே நழுவிவிடும். யார் எப்போது பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியம் தனியாக விதிகளே வைத்திருக்கிறது, அதில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு வேண்டும்.

முதல் விதி செய்யுளியலில் வருவது. ஊராருக்கும் அயலாருக்கும் சேரியோருக்கும், தந்தைக்கும் தமையனுக்கும் அகப்பாட்டில், அதாவது காதல் வாழ்க்கையைப் பாடும் பாட்டில், நேரடியாகக் கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதை வேறொருவர் எடுத்துச் சொன்னால் உண்டு, அவ்வளவுதான். ஊர் தூற்றும் அலர்கூட தலைவியின் வாய் வழியாகவோ தோழியின் வாய் வழியாகவோதான் நம் காதுக்கு வந்து சேரும். யோசித்துப் பாருங்கள், அப்பனும் அண்ணனும் வீட்டில் முழு அதிகாரத்தோடு இருக்கிறார்கள், பாட்டுக்குள் மட்டும் அவர்களுக்கு மைக் கிடையாது. இரண்டாவது விதி அகத்திணையியலில் இருக்கிறது: அகத்தில் யாருக்கும் இயற்பெயர் சொல்லக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். 'தலைவி கூற்று' என்று போட்டிருப்பதில் பெரும்பாலானவை ஆண் புலவர்கள் பாடியவை, வெள்ளிவீதியார், ஔவையார் போன்ற பெண்பாற் புலவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் பெண்ணின் குரல் பாட்டில் இருப்பதும் பெண் எழுதுவதும் ஒன்றல்ல. இப்போது நாம் பார்க்கப்போகும் இரண்டு கொரிய நாவல்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெண் எழுத்தாளர்கள் இருவர், வேண்டுமென்றே, தலைவியிடமிருந்து கூற்றைப் பறித்துக் கணவனிடமும் மருத்துவரிடமும் கொடுத்திருக்கிறார்கள்.

ஹான் காங்: சுற்றி நிற்கும் மூவர்

'தி வெஜிடேரியன்' கொரிய மொழியில் 2007 இல் வந்தது. முதலில் தனித்தனியாக வெளியான மூன்று பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய நாவல். மொழிபெயர்ப்பாளர் டெபோரா ஸ்மித்தோடு சேர்த்து 2016 இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. யோங்-ஹே என்ற பெண் ஒரு கனவு கண்ட மறுநாள் இறைச்சியை விட்டுவிடுகிறாள். குளிர்பெட்டியில் இருந்த அத்தனையையும் குப்பைப் பையில் போடுகிறாள். அங்கிருந்து எல்லாம் சரியத் தொடங்குகிறது.

1. முதல் பகுதி கணவன் கூற்று, தன்மையில். எந்த விசேஷமும் இல்லாத பெண் என்று தெரிந்துதான் அவளைக் கட்டினேன் என்று தொடங்குகிறான், அதையே அவளுடைய நல்ல குணமாகச் சொல்கிறான். அவள் சாப்பாட்டை மாற்றியதில் அவனுக்கு வரும் முதல் கவலை மேலதிகாரி வீட்டாரோடு சாப்பிடும் இடத்தில் மானம் போகிறதே என்பது. அவள் ஏன் தூங்குவதில்லை என்று அவன் ஒரு தடவை உட்கார்ந்து கேட்பதில்லை.
2. இரண்டாம் பகுதி படர்க்கை, ஆனால் நாம் நிற்பது அக்காள் கணவனின் தோளுக்குப் பின்னால். அவன் வீடியோக் கலைஞன். அவளுடைய உடம்பு அவனுக்கு ஒரு கலைப்பொருள். பூ வரைவதற்கு ஒரு பரப்பு.
3. மூன்றாம் பகுதியில் அக்காள் இன்-ஹேயோடு நிற்கிறோம். அழகுசாதனக் கடை நடத்துகிறவள், பொறுப்பானவள், கணவனை இழக்காமலே இழந்தவள். மனநல மருத்துவமனையில் தலைகீழாக நின்று தான் மரமாகிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் தங்கையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் பேருந்து ஏறிப் போகிறாள்.

யோங்-ஹேயின் சொந்தக் குரல் எங்கே என்றால், முதல் பகுதியில் கணவனின் பேச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வரும் கனவுகளில். இரத்தம், தொங்கும் இறைச்சி, அடையாளம் தெரியாத முகம். சின்ன வயதில் அவளைக் கடித்த நாயை அப்பா மோட்டார் சைக்கிளில் கட்டி அது சாகும்வரை ஓட்டியதும், அந்த நாயின் கறியைத் தானும் சாப்பிட்டதும் அவளுக்கு நினைவு வருகிறது. இவை கணவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நாவலின் முழு வலுவும் இந்த இடைவெளியில் இருக்கிறது. வியட்நாம் போரில் சண்டையிட்ட அந்த அப்பா, குடும்ப விருந்தில் எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கும்போது கணவன் பார்ப்பது அடங்காத மனைவியை. நாம் பார்ப்பது அந்த நாயை.

அவளையே 'நான்' என்று பேசவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் காரணம் சொல்லியிருப்பாள். காரணம் சொன்னால் அதை நாம் எடைபோடத் தொடங்குவோம், இது போதுமான காரணமா, இதற்கா இவ்வளவு என்று. ஹான் காங் அந்தத் தராசையே நம் கையில் கொடுக்கவில்லை. அவளைச் சுற்றியிருப்பவர்கள் அவளை எப்படிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் கொடுத்துவிட்டு, அந்தப் பார்வைகளை எடைபோடு என்று விட்டுவிடுகிறார். இது மிகத் துணிச்சலான முடிவு என்பது என் எண்ணம்.

கிம் ஜி-யங்: ஒரு மருத்துவரின் அறிக்கை

அடுத்தது சோ நாம்-ஜூ 2016 இல் எழுதிய 'கிம் ஜி-யங், பிறப்பு 1982'. சோ தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவர். 2018 முடிவதற்குள் கொரியாவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஜப்பானிலும் நன்றாக விற்றது.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண், கைக்குழந்தைக்காக வேலையை விட்டவள், திடீரென்று தன் அம்மா போலப் பேசுகிறாள், செத்துப்போன தோழி போலப் பேசுகிறாள். கணவன் பயந்து மனநல மருத்துவரிடம் ஏற்பாடு செய்கிறான். பிறகு அவள் பிறந்ததிலிருந்து நடந்தது எல்லாம் ஆண்டு வாரியாக வருகிறது. இரண்டு பெண்ணுக்குப் பிறகு அம்மா சுமந்த மூன்றாவதும் பெண் என்று தெரிந்து கலைத்தது. சோறு போடும்போது அப்பாவுக்கும் பாட்டிக்கும் தம்பிக்கும் முதலில் போட்டது. தம்பியின் பால்மாவை அள்ளித் தின்றதற்குப் பாட்டி அடித்தது. பள்ளி வருகைப் பதிவேட்டில் பையன்களின் எண்கள் முதலில் வருவது. இரவு டியூஷன் முடிந்து வரும்போது பின்தொடர்ந்த பையனிடமிருந்து யாரோ ஒரு பெண் காப்பாற்ற, வீட்டுக்கு வந்ததும் அப்பா அவளையே திட்டியது. அலுவலகக் கழிப்பறையில் ஒளித்து வைத்த கேமரா.

இதில் எதுவும் பெரிய சம்பவம் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். 1982 வாக்கில் பிறந்த கொரியப் பெண்களுக்கு மிக அதிகமாக வைத்த பெயர்களில் ஒன்று ஜி-யங், கிம் என்பதோ ஐந்தில் ஒருவருக்கு இருக்கும் குடும்பப் பெயர். நம்மூரில் அந்தத் தலைமுறையில் 'மகேஸ்வரி' என்று வைத்த மாதிரி, கூப்பிட்டால் வகுப்பில் நாலு பேர் திரும்புவார்கள். பெயர் இருந்தும் பெயர் இல்லாத நிலை. அகத்தில் 'தலைவி' என்று மட்டும் சொன்னதற்கும் இதற்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, இரண்டு இடத்திலும் ஒருத்தியின் கதை பலருடையதாக ஆவதற்குப் பெயர்தான் முதலில் வழிவிடுகிறது.

பலரைத் தடுமாற வைப்பது அடிக்குறிப்புகள். நாவலில் எதற்கு அரசுப் புள்ளிவிவரமும் செய்தி மேற்கோளும்? இது இலக்கியமே இல்லை, கட்டுரை என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மூன்றாவது குழந்தையைக் கலைத்தது ஒரு குடும்பத்தின் கதை என்று தள்ளிவிடலாம். 1990 இல் கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன என்பது பதிவான கணக்கு, அதைத் தள்ள முடியாது. ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்னால் 'எல்லா இடத்திலும் அப்படியா, நீ பெரிதுபடுத்துகிறாய்' என்று கேட்கும் ஊரில், அடிக்குறிப்பு அவளுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. வறண்ட நடைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வறட்சிக்கு ஒரு காரணம் கடைசி அத்தியாயத்தில் தெரியவருகிறது.

இதுவரை இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தது அந்த மனநல மருத்துவர், நாற்பதுகளில் இருக்கும் ஆண். நாம் படித்தது நோயாளியின் கோப்பு. அவர் நல்லவர், அனுதாபம் உள்ளவர். தன் மனைவியும் கண் மருத்துவராக இருந்து குழந்தைக்காக வேலையை விட்டவள், கணிதத்தில் பெரிய கெட்டிக்காரி, இப்போது வீட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தைப் போட்டுப் பார்க்கிறாள் என்று வருந்துகிறார். எல்லாம் புரிந்தவர் போலப் பேசிவிட்டு, தன் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கர்ப்பத்தால் விலகும் செய்தி வந்ததும், அடுத்து எடுப்பவள் கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். புத்தகம் அங்கே முடிகிறது.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அவளுடைய கதை முழுவதும் ஒரு ஆணின் கையெழுத்தில் நமக்கு வந்தது, அவர் எல்லாப் புள்ளிவிவரமும் தெரிந்தவர், தெரிந்தும் ஒன்றும் மாறவில்லை. 2019 இல் வந்த திரைப்படம் இந்த முடிவை விட்டுவிட்டு, ஜி-யங் எழுதத் தொடங்குவதாக நம்பிக்கையோடு முடித்தது. ஆறுதலான முடிவுதான். ஆனால் நாவலின் எலும்பே அதில் கழன்றுவிட்டது.

ஒரு புத்தகத்துக்கு ஏன் அத்தனை கோபம்

இந்த நாவலை ஒட்டி நடந்த சண்டை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாமல் இருக்கும். 2018 மார்ச்சில் ரெட் வெல்வெட் என்ற கொரிய இசைக்குழுவின் பாடகி ஐரீன் ரசிகர் சந்திப்பில் இதைப் படித்தேன் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆண் ரசிகர்கள் சிலர் அவர் படங்களை வெட்டியும் எரித்தும் இணையத்தில் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 இல், நோ ஹோ-சான் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அப்போதைய அதிபர் மூன் ஜே-இன்னுக்கு இதே புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்திருந்தார். படம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் அதில் ஜி-யங்காக நடிக்கவிருந்த நடிகை ஜங் யூ-மிக்கு எதிராக வசைமழை.

பின்னணி தெரிந்தால் இது கொஞ்சம் பிடிபடும்.

1. கொரியக் குடும்பச் சட்டத்தில் ஹோஜு என்ற குடும்பத்தலைவர் முறை இருந்தது. வீட்டின் சட்டபூர்வத் தலைவர் ஆண், அவருக்குப் பின் மகன். 2005 இல் அரசமைப்பு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது, முழுக்க ஒழிந்தது 2008 தொடக்கத்தில்தான். ஜி-யங்குக்கு அப்போது இருபதுகளின் நடுப்பகுதி.
2. ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு அரசுத் தேர்வில் கிடைத்த கூடுதல் மதிப்பெண்ணை 1999 இல் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியது. 'நாங்கள் இரண்டு ஆண்டை இழக்கிறோம், எங்கள் கதையை யார் எழுதுவது' என்ற இளைஞர்களின் வருத்தம் அங்கிருந்து வளர்ந்தது. இந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது, அதை நான் லேசாகச் சொல்லவில்லை.
3. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நாடு கொரியா, பல ஆண்டுகளாக 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.
4. நாவல் வந்த அதே ஆண்டு, 2016 மே மாதம், சியோலின் காங்நாம் ரயில் நிலையத்துக்கு அருகே பொதுக் கழிப்பறையில் முன்பின் தெரியாத ஓர் இளம்பெண்ணை ஒருவன் கொன்றான். பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்று காரணம் சொன்னான். ஆயிரக்கணக்கானோர் அந்த நிலைய வாசலில் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒட்டினார்கள்.

இந்த ஈரம் காயாதபோது புத்தகம் வந்தது. அடையாளம் உள்ள ஒரு வில்லன் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று தோன்றுகிறது. வில்லனைத் திட்டிவிட்டு நாம் அவன் இல்லை என்று எழுந்து போய்விடலாம். இதில் வருவது சாதாரண அப்பா, சாதாரணக் கணவன், அன்பான மருத்துவர். ஜி-யங்கின் கணவன் தே-ஹ்யான் கெட்டவனே இல்லை, 'நானும் உதவி செய்கிறேன்' என்கிறான். உன் வீடு, உன் குழந்தை, இதில் உதவி என்ன உதவி என்று அவள் கேட்கும் இடத்தில் படிக்கிறவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

2023 இல் கொரியாவின் மொத்தக் கருவள விகிதம் 0.72 ஆக இறங்கியது, உலக நாடுகளிலேயே மிகக் குறைவு. காதல், உடலுறவு, கல்யாணம், பிள்ளைப்பேறு நான்கும் வேண்டாம் என்று சொல்லும் 'நாலு பி' என்ற பெண்களின் இயக்கம் பற்றி 2024 இறுதியில் உலகச் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். நாவல்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் அந்த முடிவுக்கு ஒருத்தி எப்படி வந்து சேர்கிறாள் என்று கேட்டால் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம்.

நம் ஊர் வார்டில்

இமையத்தின் 'செல்லாத பணம்' 2018 இல் க்ரியா வெளியீடாக வந்தது, 2020 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டுவேன் என்று நிற்கிறாள். தலைமையாசிரியர் அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி, எல்லோரும் சொல்லிப் பார்க்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது. சில ஆண்டுகள் கழித்து உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. உள்ளே அவள் கிடக்கிறாள், வெளியே எல்லோரும் பேசுகிறார்கள். அழுகை, பழி, சாதி, பணம், போலீஸ், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள்.

அவள் ரவியை ஏன் விரும்பினாள் என்பதற்கு நாவலில் அவள் தரும் விடை இல்லை. தீயைத் தானே வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா என்பதும் தீர்ந்துபோவதில்லை. படித்துவிட்டு எரிச்சல் படுபவர்கள் இங்கேதான் எரிச்சல் படுகிறார்கள். ஆனால் தீக்காயப் பிரிவின் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லோருக்கும் வேண்டியிருப்பது இதே விடைதான்.

சட்டமும் அதையே கேட்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர் தன் நிலைக்கு என்ன காரணம் என்று சொல்வது மரண வாக்குமூலம். பொதுவாக ஒருவர் சொன்னதை இன்னொருவர் நீதிமன்றத்தில் சொன்னால் சாட்சியாக எடுக்கமாட்டார்கள், இதற்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 32, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு 26. நினைவோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று தர, மாஜிஸ்திரேட் வந்து பதிவு செய்வது வழக்கம். நம்பத்தகுந்ததாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்கலாம். வாழ்ந்த காலமெல்லாம் யாரும் கேட்காத ஒரு பெண்ணின் சொல்லுக்கு நம் சட்டத்தில் இவ்வளவு கனம் வருவது அவள் எழுந்திருக்கமாட்டாள் என்று தெரிந்த பிறகு. அப்போதும் அவள் பிள்ளைகளை நினைத்து, நாளை அவர்களை யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டு, ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவதும் நடக்கிறது. ஆக, தலைவி கூற்று கிடைத்துவிட்டாலே உண்மை கிடைத்துவிடும் என்பதற்கும் உறுதி கிடையாது.

தலைப்பையும் கவனியுங்கள். தமிழில் செல்லாதது அப்பாவின் பணம். எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் அந்த வாசலில் அது செல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 'அ வுமன் பர்ன்ட்' என்று வைத்திருக்கிறார்கள், எரிந்த பெண் முன்னால் வந்துவிட்டாள். எனக்குத் தமிழ்த் தலைப்பே சரியாகப் படுகிறது, ஏனென்றால் இது அவளைப் பேசவிடாதவர்களின் கதை, அதை அந்தத் தலைப்பு மறைக்கவில்லை.

எல்லோரும் பேசும் நாவல்கள்

அப்படியானால் பெண் நேரடியாகப் பேசும் நாவலே இப்போது இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. பாமாவின் 'சங்கதி' (1994) முழுக்கப் பேச்சுதான். ஒரு கதை, ஒரு நாயகி என்று எதுவும் கிடையாது. பாட்டி சொல்கிறாள், வயலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கும் பெண் எதிர்க்கேள்வி கேட்கிறாள். வசவும் சிரிப்பும் பாட்டும் அப்படியே வருகின்றன.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இன்னொரு வழி. ராபியா என்ற சிறுமியோடு தொடங்கி வீட்டுக்கு வீடு, பெண்ணுக்குப் பெண் பார்வை மாறிக்கொண்டே போகிறது. ஆண்கள் கடையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், சாப்பிட வருகிறார்கள், தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தொல்காப்பிய விதிக்கு மிக அருகில் இருக்கும் நாவல் இது, அதிகாரம் உள்ளவர்களுக்குக் கூற்று இல்லை. 'ஒன்றுமே நடக்கவில்லையே, பேசிக்கொண்டே இருக்கிறார்களே' என்று இதைப் படித்து அலுப்பவர்கள் உண்டு. அந்த வீடுகளில் பெண்ணுக்கு முடிவெடுக்கும் இடம் எங்கேயும் இல்லை, பேசும் இடம் மட்டும் உண்டு, அதனால் பேச்சுதான் அங்கே நிகழ்ச்சி.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது

அடுத்த தடவை இப்படி ஒரு நாவல் கையில் வந்தால் பார்க்க வேண்டியவை சில.

1. யார் பேசுகிறார், அவருக்கு இதில் என்ன லாபம்? யோங்-ஹேயின் கணவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான். மருத்துவர் தன் தொழிலுக்காக எழுதுகிறார். நடேசன் வீட்டார் தங்கள் மேல் பழி வராமல் இருக்க ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறார்கள்.
2. சொல்பவருக்குத் தெரியாத எது நமக்குத் தெரிகிறது? அந்த நாய் மாதிரி ஒரு விஷயம் ஒவ்வொரு நல்ல நாவலிலும் எங்காவது இருக்கும்.
3. மௌனம் எங்கிருந்து வருகிறது? எழுத்தாளருக்கே அவள் உள்ளம் பிடிபடாமல் விட்ட மௌனமும் உண்டு, அது பலவீனமான எழுத்து. வேண்டுமென்றே கட்டிய மௌனத்தில் சுற்றியிருக்கும் பேச்சு ஒவ்வொன்றும் அவளை நோக்கியே சாயும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது புள்ளியில் ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். உலகத்தில் ஏற்கெனவே ஆண்கள் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள், நாவலிலும் அவர்களுக்கே பேச்சைக் கொடுப்பது எதற்கு? எனக்கு இந்தக் கேள்வியில் பாதி உடன்பாடு. இந்த முறையையே எல்லோரும் பின்பற்றினால் பெண் பாத்திரம் ஒரு புதிராக, ஒரு சின்னமாக உறைந்துபோகும் ஆபத்து உண்டு. 'தி வெஜிடேரியன்' முழுக்கக் கணவனின் பேச்சாகவே போயிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அப்படிப் போகவில்லை, மூன்றாம் பகுதி அக்காளுடையது.

தோழி

அகப்பாட்டில் தலைவி பேச முடியாத இடத்தில் தோழி பேசுவாள். வெறியாட்டுப் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். மகள் இளைத்துப் போகிறாள், முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் வேலன் என்ற பூசாரியை அழைத்து வந்து ஆடவிடுகிறாள். நோய் என்ன என்று தோழிக்குத் தெரியும். அவள் சொல்லிவிடுவாள், அல்லது வேலனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டே உடைத்துவிடுவாள்.

'தி வெஜிடேரியன்' நாவலின் இன்-ஹே அந்த இடத்துக்கு மெல்ல மெல்ல வருகிறாள். தங்கையை மருத்துவமனையில் சேர்த்தவளும் அவள்தான், அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் வருகிறாள். சின்ன வயதில் அப்பாவின் அடி தங்கைக்கே விழுந்ததும், தான் நல்ல பிள்ளையாக இருந்து தப்பித்ததும் அவளுக்கு இப்போது புரிகிறது. கடைசியில் ஆம்புலன்ஸில் தங்கையோடு போகும்போது வெளியே மரங்களை, யாரையோ பதில் கேட்பது போல, முறைத்துப் பார்த்துக்கொண்டு போகிறாள். 'செல்லாத பணம்' நாவலில் அந்த இடம் அண்ணி அருண்மொழிக்கு. ரவியை எல்லோரும் கொலைகாரன் என்று மட்டும் பார்க்கும்போது அவனிடம் பேசிக் கேட்பவள் அவள், ரேவதியின் கல்யாணத்துக்குள்ளே என்ன இருந்தது என்பதில் கொஞ்சமாவது நமக்குத் தெரியவருவது அதனால்தான்.

ஜி-யங்குக்குத் தோழி இல்லை. இருந்த ஒருத்தி, கல்லூரியில் சீனியராக இருந்த சா சுங்-யோன், பிரசவத்தில் இறந்துவிட்டாள். அதனால் ஜி-யங்கின் வாய்க்குள்ளேயே மற்றவர்கள் வந்து பேச வேண்டியிருக்கிறது. சூசோக் பண்டிகைக்கு மாமியார் வீட்டில் வேலை செய்து களைத்த நாளில், அவள் அம்மாவாக மாறி மாமியாரை 'சம்பந்தியம்மா' என்று கூப்பிடுகிறாள். கொரிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, தமிழிலும் உண்டு, அதனால் அந்த அறையில் விழும் அதிர்ச்சி நமக்கு விளக்கம் இல்லாமலே புரியும். உங்கள் மகள் பண்டிகைக்குப் பிறந்த வீடு வந்துவிட்டாளே, என் மகளையும் அனுப்ப வேண்டாமா என்று கேட்கிறாள். தனக்காக மருமகளாக நின்று ஒரு தடவைகூட அவளால் கேட்க முடிந்திராத கேள்வி.

அதற்கு முன்பு ஒரு இரவு. கணவனோடு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குரல் மாறி, அவனைப் பெயர் சொல்லி, இப்போதெல்லாம் ஜி-யங்குக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், உடம்பு தேறினாலும் மனசு தவிக்கிற நேரம் இது, நன்றாகச் செய்கிறாய், சிரமப்படுகிறாய், நன்றி என்று அடிக்கடி சொல்லு என்கிறாள். செத்துப்போன சுங்-யோன் பேசுகிறாள். தோழி கூற்று.